குப்பைத்தொட்டி இல்லாத லயம்

நான் குப்பைக்காரன். திருச்சி பாலக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, உடைந்த பிளாஸ்டிக் சாமான்களை வாங்கி உருக்கிச் சீப்பும் சோப்பு டப்பாவும் வார்க்கிறவன். சிலோன் போய்வந்தேன் என்றதும் கதிர்காமம் பார்த்தாயா, பேராதனைப் பூந்தோட்டம் பார்த்தாயா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஐயா, நான் பார்த்தது குப்பை. அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

கொழும்புக்கு என்னை இழுத்தது ஒரு பழஞ்சாமான் வியாபாரியின் வாய்ச்சொல். உடைந்த பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, நேரில் வந்தால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். போய் நின்றால், "சாவி தம்பி கையில் இருக்கு, நாளைக்கு வாங்களேன்" என்றார். மறுநாள் தம்பி இருந்தான், சாவி இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டும் இருந்தன, கிடங்கில் சாமான் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவருக்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று புறக்கோட்டைத் தெருவில் நின்று வாய்விட்டே திட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் எல்லாரும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் கடைகளைப் பார்த்தபோது மனம் ஆறியது. பித்தளைக் குடத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் வாளிகள் தொங்கின. நம் ஊரில் இப்போதுதான் தலைகாட்டுகிற சாமான் இங்கே தோரணமாகிவிட்டது. இத்தனையும் ஒருநாள் உடையத்தானே வேண்டும், உடைந்தால் எங்கே போகும் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்தது. வந்தது வந்தோம், அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அஞ்சலை அக்காவையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று ரயில் ஏறினேன்.

ரயிலில் எதிரே ஒரு சிங்களத் தம்பதி. சோறு தின்ற வாழை இலையைப் புருஷன் சன்னல் வழியே விட்டெறிந்தார். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் ஓங்கினாரே பார்க்கலாம், அந்த அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளிவிட்டாள். பக்கத்திலிருந்த தபால்காரர் தமிழர். எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "இலைய மாடு தின்னும், இத யாரு திம்பா, நீ திம்பியான்னு கேக்குறாங்க." டப்பாவை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

அட்டனில் இறங்கியபோது ஆடி மழை. நம் ஊரில் ஆடி என்றால் காற்று. அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பஸ்ஸில் சரியாக என் தலைக்கு மேலே கூரை ஒழுகியது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பொலித்தீன் தாளை உருவி என் தலைமேல் போட்டார். "போத்திக்கங்கண்ணே, இதுக்குத் தனி டிக்கட் இல்ல" என்றார். ஒரு திருப்பத்தில் பஸ் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளியதில் என் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. பஸ் மட்டும் நகரவில்லை. பிறகு ஒரு லாரி வந்து இழுத்துவிட்டது.

தோட்டத்தின் பெயரை எழுதக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒரு பள்ளம். பள்ளத்தில் லயங்கள், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அறையைக் காம்பரா என்கிறார்கள். பள்ளத்துக்கு மேலே மேட்டில் தேயிலைத் தொழிற்சாலை. இவ்வளவுதான் பூகோளம், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்னைப் பார்த்ததும், "தம்பி, ஒத்தச் செருப்போடவா அக்கா வீட்டுக்கு வருவாங்க?" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அந்தக் குளிருக்கு அந்தச் சம்பலின் உறைப்பு காது வழியே புகை விட்டது. தின்று முடித்து, கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, குப்பைத்தொட்டி எங்கே என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"குப்பை போடத்தான்."

அக்கா தோலை வாங்கி அடுப்புக்கு மேலே தொங்கிய கம்பியில் காயப் போட்டாள். "இதுல என்ன குப்பை இருக்கு?" என்றாள்.

எனக்குத் தொழில் புத்தி கிளம்பிவிட்டது. மறுநாள் முழுவதும் லயத்தைச் சுற்றி மோப்பம் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் பாலக்கரையில் ஒரு வீட்டில் ஒரு நாளில் விழுகிற குப்பை இங்கே ஒரு லயத்துக்கே விழவில்லை. காய்கறித் தோல் பின்னால் இருக்கும் காய்த்தோட்டத்துக் குழிக்குப் போகிறது, சாம்பலும் அங்கேதான். பால்மாவு டின் முதலில் அரிசி அளக்கிறது. அடி ஓட்டையானால் பூச்செடி. தோட்டத்து வாசல் கூட்டுகிறவர் வந்து கானை, அதாவது சாக்கடையை, தள்ளிவிட்டுப் போனார். அவர் கூடையில் சருகைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் முனிசிபாலிடி மெம்பர்களை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டவேண்டும்.

பொலித்தீனுக்கு மட்டும் தனி மரியாதை. அந்த வருஷம்தான் தோட்டத்துக்கு உரச் சாக்கு புதுமாதிரி வந்திருந்தது. சாக்குக்கு உள்ளே ஈரம் புகாமல் ஒரு பொலித்தீன் உறை. உரம் போட்டு முடிந்ததும் உறையைத் தோட்டத்து மானேஜரான துரை ஆட்களுக்கே விட்டுவிட்டார். பெண்கள் அதை அலசி, பிரித்து, தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்கிறார்கள். "முந்தி கம்பளிதான் தம்பி. நனைஞ்சா புள்ளைய சொமக்குற மாதிரி கனக்கும். வருஷா வருஷம் ஆடியில எனக்கு நெஞ்சு கட்டிக்கும். இந்த வருஷந்தான் இருமாம இருக்கேன்" என்றாள் அக்கா.

அது கிழிந்தால் கூரை ஒழுகலுக்கு ஒட்டு. அதிலும் கிழிந்தால் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை. கடைசியில் விரலகலக் கிழிசல்தான் மிஞ்சும். அதை?

அக்கா செய்து காட்டினாள். கிழிசலைத் திரியாக முறுக்கி ஈர விறகுக்கு அடியில் செருகித் தீக்குச்சியைக் காட்டினாள். சொட்டுச் சொட்டாக எரிந்து, ஆடி மழையில் நனைந்த விறகு ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. "மண்ணெண்ணெய்ய லாம்புக்கு ஊத்துறதா, அடுப்புக்கு ஊத்துறதா? எல்லா வீட்லயும் இப்ப இதுதான்" என்றாள். ஆகா, என்ன மூளை என்று நான் கையைத் தட்டினேன்.

அன்று மாலை அத்தான் ராமையா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் தொழிற்சாலையில் மேல்மாடி வேலை. பறித்த கொழுந்தை அந்த மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பிவிடுவார்கள். இரவெல்லாம் பெரிய மின்விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து அதை வாட்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முன்னொரு நாள் கொழுந்து மூட்டை இறக்கும்போது விழுந்து முழங்கால் போய்விட்டது. சரிவில் ஏற முடியாது என்றுதான் மாடி வேலை கொடுத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். கொழும்பில் தேயிலையை ருசி பார்க்கிறவர்கள் இந்தத் தோட்டத்துத் தூளில் மெழுகு வாடை அடிக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசனையைக் குடித்துவிடுமாம். மாடியில் அத்தான்தான் மெழுகுவர்த்தி கொளுத்துகிறார் என்று டீமேக்கர் முடிவுகட்டிவிட்டார். டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழுந்தைத் தூளாக்கிக் காய்ச்சும் பொறுப்பு முழுக்க அவருடையது. "சாக்கு விரிச்ச மாடியிலை நெருப்போ? உண்மையைச் சொல்லும் ராமையா" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அத்தான் முருகன்மேல் ஆணையாக இல்லை என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை காய்ச்சுகிற தூளை அவரே சனிக்கிழமை ருசி பார்ப்பாராம். வாடை இருந்தால் அத்தான் மலைக்கு, அதாவது சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வேலைக்கு, போகவேண்டும்.

"மலைக்குப் போனா ஒரு வாரம் தாங்குவேன். அப்புறம் பேர வெட்டிடுவாங்க" என்றார். பிறகு சொன்னார்: "அதுகூடப் பரவால்ல மாப்ள. நான் பொய் சொல்றேன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டாருய்யா."

மறுநாள், புதன்கிழமை விடியலில், "உன் மூக்குக்குத்தான் எல்லா வாடையும் தெரியுமே, வந்து பாரு" என்று என்னைப் பக்கவாட்டுப் படி வழியாக மாடிக்கு ஏற்றினார். அம்மாடி, அந்த மாடியில் பச்சைக்கொழுந்து வாடுகிற மணம் இருக்கிறதே, நான் செத்தால் என்னை அங்கேதான் கிடத்தவேண்டும். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பள்ளத்துப் பக்கத்துச் சன்னலிலிருந்து மெல்லிசாக ஒரு வாடை. அணைந்த மெழுகுவர்த்தி வாடையேதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கொட்டகையில் பொலித்தீன் தீய்ந்தால் என் மனைவி, "சர்ச்சுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்பாள், அதே வாடை.

சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழே லயத்துக் கூரைகளிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மேலே போக விடாமல் பனிமூட்டம் அமுக்க, புகை அப்படியே மேட்டில் ஏறிச் சன்னலுக்குள் வந்தது. இத்தனை வருஷம் வெறும் விறகுப் புகை, யாருக்கும் உறைக்கவில்லை.

"அஞ்சல அடுப்புமா?" என்றார் அத்தான்.

"எல்லா அடுப்புந்தான் அத்தான்."

நான் டீமேக்கரிடம் ஓடப் பார்த்தேன். அத்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா அவரு தொரைகிட்ட சொல்லுவாரு. தொரை, அப்ப ஆளுங்களுக்கு உறையே குடுக்காத, கொளுத்திப் போடும்பாரு. இந்த மழையில இத்தன பொம்பளைங்களும் எதப் போத்திக்கிட்டு மலைக்குப் போவாங்க?"

"உங்க வேலை போகுதே மனுஷா!"

"அதான் தெரியலையே" என்றார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பீலிக்கு, லயமெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பொதுக் குழாய்க்கு, என்னையும் கூட்டிப்போய்ப் பெண்கள் நடுவில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். சனிக்கிழமைவரை யாரும் பொலித்தீன் கொளுத்தவேண்டாம், உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன் என்றாள்.

"அப்ப இந்தக் கிழிசல என்ன பண்றதாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குக் குடுங்க, நான் ஊருக்குக் கொண்டுபோய் உருக்கிச் சீப்பு பண்றேன்" என்றேன். பீலியே சிரித்தது. "குப்பை வாங்கவா அண்ணே கப்பல் ஏறி வந்தீங்க?" என்றார்கள். ஆமாம் என்றால் நம்பவில்லை. ஆனால் கொடுத்தார்கள். பின்னால் தலைமன்னார்ச் சுங்கத்தில் அந்த மூட்டையைப் பிரித்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று கிளம்பிப் போனது தனிக் கதை.

எல்லாரும் சரி என்றார்கள், பக்கத்துக் காம்பராச் செவனம்மாளைத் தவிர. பூசணிக்கொடி யார் பக்கம் படர்ந்தது என்ற சண்டையில் அவளுக்கும் அக்காவுக்கும் பேச்சே இல்லை. அவள் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். "பச்சப்புள்ள வீடு. ராத்திரி பகல்னு எங்க அடுப்பு எரியணும். ஈர வெறகு அணைஞ்சு அணைஞ்சு போகுது. இவ புருசனுக்காக எம் பேரப்புள்ள வெறைக்கணுமா?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

வியாழக்கிழமை விடியலில் லயமே திண்டாடியது. எந்த அடுப்பும் பிடிக்கவில்லை. அக்கா ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து, காய்ந்த ஆரஞ்சுத் தோலைக்கூடக் கொளுத்திப் பார்த்தாள். தோல் எரிந்தது, விறகு எரியவில்லை. ஊருக்கெல்லாம் தேத்தண்ணி அனுப்புகிற இடத்தில் அன்று ஒருத்திக்கும் தேத்தண்ணி இல்லை. அடுப்போடு மல்லுக்கட்டியதில் அக்கா பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, பிந்திப் போனாள். வெறும் வயிற்றில் கொழுந்தும் குறைந்தது. கணக்குப்பிள்ளை அவளுக்கு அரைப்பேர் போட்டார். அதாவது நாள் முழுக்க நனைந்ததற்குப் பாதிச் சம்பளம்.

திரும்பி வந்து கூடையை இறக்கி வைத்தாள். நான் சும்மா விடவில்லை. கணக்குப்பிள்ளையை, டீமேக்கரை, உரக் கம்பெனியை, செவனம்மாளை எல்லாரையும் வரிசையாகத் திட்டினேன். சுவருக்கு அந்தப்பக்கம் செவனம்மாள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. அவளும் அன்று அக்காவின் நிரையில்தான் பறித்திருக்கிறாள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள்.

வெள்ளிக்கிழமை. அக்கா மறுபடியும் அடுப்பு முன்னால் குந்தினாள். கதவைக் காலால் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் செவனம்மாள். ஒரு பழைய மண்சட்டி நிறைய தணல், அதில் சிரட்டைக் கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது. இரவெல்லாம் தூங்காமல், தன் வீட்டு மணைப்பலகையையும் சேர்த்து வைத்த சிரட்டைகளையும் எரித்துத் தணலாக்கியிருக்கிறாள். ஒரு துண்டு பொலித்தீன் போடவில்லை.

அக்கா பின்வாங்கிவிட்டாள். நம் பக்கத்தைப் போலவே அங்கும் வெள்ளிக்கிழமை யாரும் வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கமாட்டார்கள்; கொடுத்தால் வீட்டு லட்சுமியே போய்விடும் என்பார்கள். அதுவும் ஆடி வெள்ளி. அதுவும் பச்சைப்பிள்ளை வீடு.

"புள்ளைக்கு ஆகாதுடி, கொண்டுபோயிரு" என்றாள் அக்கா.

"எம் பேரனுக்கு நான் பாத்துக்கறேன். அந்த மனுசன் காலுக்கு மலை ஆகாதுல்ல? புடிடி, கை சுடுது!"

அக்காவின் அடுப்பில் பாதித் தணலைக் கொட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். அதற்கடுத்த கதவுக்கு வேறொருத்தி தன் அடுப்பிலிருந்து கொண்டுபோனாள். அன்று லயம் முழுவதும் ஒரே வீட்டு நெருப்பு எரிந்தது. நான் வெளியே வந்து மூக்கை உயர்த்திப் பார்த்தேன். வெறும் விறகு வாடை.

சனிக்கிழமை மத்தியானம் அத்தான் காலை இழுத்து இழுத்து மேட்டிலிருந்து இறங்கி வந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள். செவனம்மாள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வாடை இல்லையாம்" என்றார் அத்தான். "மாடி வேலைதான் எனக்கு."

அக்கா கை இரண்டையும் தலைமேல் கூப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன அத்தான்?" என்றேன்.

"இத்தன நாளா அடிச்ச வாடை எப்படி நின்னுச்சுன்னு கேட்டாருய்யா. எல்லாரும் நிக்கிறாங்க. நான் என்ன சொல்றது? அடுப்புன்னு சொன்னா நாளைக்கு உறைய நிறுத்திடுவாங்க." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெழுகுவர்த்திதான் ஐயா, நாந்தான் கொளுத்துனேன், இனிமே கொளுத்த மாட்டேன்னுட்டேன்."

"முருகன்மேல ஆணை வச்சிருந்தீங்களே!" என்றாள் அக்கா.

"ஆமா, அதையும் கேட்டாரு. பொய்ச் சத்தியம் பண்ணினேன் ஐயா, மன்னிச்சுக்கங்கன்னேன். இப்பவாவது உண்மையைச் சொன்னீரேன்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு."

அத்தான் வாசற்படியில் உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. பெரட்டுக்களத்தில் மத்தியான வேலைக்குக் கொம்பு ஊதினார்கள். செவனம்மாள் பேரனை அத்தான் மடியில் கிடத்திவிட்டு, கொடியில் தொங்கிய பொலித்தீன் உறையை எடுத்து உதறித் தலையில் போட்டுக்கொண்டாள். அக்காவும் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மலை ஏறினார்கள்.